பழைய சைக்கிளும் பராந்தகன் கல்வெட்டும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று கி.பி. 919இல் வெட்டியது, மற்றது 921இல். ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று சொல்லும் இவற்றை உள்ளாட்சி, தேர்தல், ஜனநாயகம் என்று அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாகத் துருவிவிட்டார்கள். இணையத்தில் பழைய சைக்கிள் வாங்குகிறவருக்கு இவற்றால் என்ன பயன் என்பதை மட்டும் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. கல்வெட்டியலில் இது பெரிய இடைவெளி.

முதலில் முன்வரலாறு. இணைய ஏலம் பிறந்ததே ஓட்டை உடைசலோடுதான். பின்னாளில் ஈபே ஆன தளத்தை 1995இல் பியர் ஒமிடியார் தொடங்கியபோது முதலில் விலைபோனது உடைந்த லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. உடைந்தது என்று தெரிந்துதான் வாங்கினீர்களா என்று கேட்டதற்கு, உடைந்ததைத்தான் சேகரிக்கிறேன் என்றாராம் வாங்கியவர். அத்தனை திருப்தியான வாடிக்கையாளர் அதன்பிறகு அமைந்திருப்பாரா என்பது சந்தேகமே. ஈபே 2004இல் பாஸீ டாட் காமை வாங்கி இந்தியாவுக்குள் வந்தது; 2018இல் அதன் இந்தியத் தளம் மூடப்பட்டது. இப்போது உத்திரமேரூர்ப் பையனுக்குக் கிடைப்பது ஓஎல்எக்ஸும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸும். இங்கே நடப்பது தலைகீழ் ஏலம். எட்டாயிரம் என்று போட்ட அடுத்த நிமிடம் “லாஸ்ட் எவ்ளோ ப்ரோ?” என்று தொடங்கி, விலை இறங்கிக்கொண்டே போகும்.

இனிக் கல்வெட்டு. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடத்துக்குள் கைவிடும் சிறுவன்தான். ஆனால் ஓலை குடத்துக்குள் போகும் முன்பே வடிகட்டல் முடிந்துவிடும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், ஒழுங்கான வழியில் வந்த பொருளாக இருக்க வேண்டும். பிறர் பொருளைத் திருடியவருக்கு இடமில்லை. இதில் எல்லாம் தேறியவர்களை மட்டுமே அதிர்ஷ்டத்திடம் விட்டார்கள். இணையத்தில் சைக்கிள் வாங்குகிறவர் முறையை மாற்றிவிட்டார்: முதலில் குடத்தில் கைவிடுகிறார், ஜிபே போன பிறகு தகுதியை விசாரிக்கிறார்.

சொந்த மனை விதியையே எடுத்துக்கொள்வோம். விற்பவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார். திடீரென்று இடமாற்றம், அதனால் புத்தம்புது கியர் சைக்கிள் பாதி விலைக்கு. வண்டியில் ஏற்றியாயிற்று, முன்பணம் மட்டும் அனுப்பினால் போதும். நாடு முழுக்கப் பலர் ஏமாந்த பழைய கதை இது. வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திக் காட்ட முடியாதவரைச் சபை 921லேயே தள்ளியிருக்கும். விற்கப் போனாலும் ஆபத்துதான். பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணிப் பின் நம்பரைப் போடுங்கள் என்பார்கள். யுபிஐயில் பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. அதைப் போட்டால் பணம் போகும், வராது. போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

திருட்டு விதிக்குச் சான்று சைக்கிளின் அடிவயிற்றில் இருக்கிறது. பெரும்பாலான சைக்கிள்களைக் கவிழ்த்துப் போட்டால் பெடல் அச்சுக் குழாயின் அடியில் ஃபிரேம் நம்பர் தெரியும். அதை ராவியிருந்தாலோ, அங்கே மட்டும் புதுப் பெயிண்ட் மினுங்கினாலோ திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி குற்றம்.

குடத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதிலும் கல்வெட்டு கறாராக இருக்கிறது. எல்லா ஜனமும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். எடுத்த ஓலையை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறொரு ஓலையைச் செருகுகிற ஆட்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்! சைக்கிளுக்கும் அதே கறார் வேண்டும். விளம்பரப் படத்தில் செயின் இருக்கும் பக்கம் மட்டும் தெரிந்தால் மறுபக்கத்தைக் கேட்க வேண்டும். நேரில் போனால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியையே பார்க்க வேண்டும். ரிம் இப்படியும் அப்படியும் ஆடினால் பெண்டு. அதை எடுத்துவிடலாம். ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபோர்க்குக்குப் பின்னால் ஃபிரேம் குழாயில் பெயிண்ட் சுருங்கியிருந்தால் எங்கோ நேராக மோதிய வண்டி, அதற்கு மருந்தில்லை. செயினுக்கு ஓர் இரும்பு ஸ்கேல் போதும். 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயினோடு பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், பேரத்தில் இரண்டையும் கழிக்கலாம்.

வயது விதிதான் ஆய்வின் உச்சம். 919இல் 30 முதல் 60 என்று வைத்தவர்கள், இரண்டே ஆண்டில் 35 முதல் 70 என்று திருத்தினார்கள். மனிதருக்குச் சொன்னதை சைக்கிளுக்குப் பொருத்தினால் மூன்று வயது கார்பன் ஃபிரேம் வண்டி தகுதியிழக்கிறது; அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் பிறந்த 40 வயது ஹெர்குலிஸ் தேறுகிறது. சரியான தீர்ப்பு. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் பழுதானால் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஹெர்குலிஸுக்கு வேண்டிய காட்டர் பின்னும் பால்ரஸும் 28 அங்குலச் சக்கரத்துக்கான ஒன்றரை அங்குல டயரும் எந்தச் சிற்றூர்க் கடையிலும் தொங்கும். அட்லஸ் தன் கடைசி ஆலையை 2020 ஜூன் 3ஆம் தேதி, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்று, மூடியது. ஆனாலும் பழைய அட்லஸ்கள் ஓவராயில் பண்ணி ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒரு விதி மட்டும் இன்னும் ஆய்வில் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சித்தி, பெரியம்மா மக்கள், அத்தை, மாமன் மக்கள், மாமனார், மைத்துனர், மருமகன் வரை யாருக்கும் இடமில்லை என்கிறது கல்வெட்டு. அப்படியானால் சொந்தக்காரரிடம் சைக்கிள் வாங்கலாமா? அத்தை மகன் கொடுக்கும் வண்டியைக் கவிழ்த்து நம்பர் பார்க்க முடியாது. செயினில் ஸ்கேல் வைத்தால் சாயங்காலத்துக்குள் அத்தைக்குச் செய்தி போய்விடும். பில் எங்கே என்று கேட்டால் அடுத்த காதுகுத்துக்குப் பத்திரிகை வராது. முன்பின் தெரியாத ஆளின் ஓஎல்எக்ஸ் விளம்பரத்தை நம்பி உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.