ஒல்லாந்தர் கட்டிய வீடு வேண்டுமா?

முதல் வேலையாக, உங்கள் வீட்டை ஒல்லாந்தர் கட்டினார்கள் என்று நம்பிவிடுங்கள். மட்டக்களப்பில் சுவர் கொஞ்சம் தடித்திருந்தால் போதும், ஊரே அதை ஒல்லாந்தருக்கு எழுதிக் கொடுத்துவிடும். புளியந்தீவுக் கோட்டைக்கே 1628இல் அத்திவாரம் போட்டவர்கள் போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் 1638இல் வந்து பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். இதற்கெல்லாம் அசையாதீர்கள்.

அடுத்து, கூரையில் ஏறி ஓடொன்றைப் புரட்டுங்கள். மங்களூர் முத்திரை கண்ணில் படக்கூடும். அந்த ஊரில் பாசல் மிசன்காரர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865இல்தான். ஒல்லாந்தர் கப்பலேறி எழுபது வருடம் ஆகிவிட்டது. மனம் தளர வேண்டாம். சூறாவளிக்குப் பிறகு மாற்றின ஓடு என்று சொல்லிவிடலாம். 1978 நவம்பர் 23இல் ஓடு பறக்காத வீட்டைப் பற்றி நான் இன்னும் கேள்விப்படவில்லை. எதை நிரூபிக்க முடியாவிட்டாலும் இங்கே சூறாவளி சாட்சிக்கு வரும்.

இனி உறுதிகள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னால் எழுதியாக வேண்டும், ஆகவே எங்கேயோ கடதாசி இருக்கும். எல்லைகளை வாசிக்கும்போது அவசரப்படாதீர்கள். வடக்கே இன்னாரின் வளவு, தெற்கே இன்னாரின் பெண்சாதியின் தென்னந்தோட்டம் என்று போகும். இன்னார் செத்து, பெண்சாதியும் செத்து, தென்னையும் விழுந்திருக்கும். கிழக்கே ஆறு என்று இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் ஊகியுங்கள். ஒல்லாந்தரே திரும்பி வந்து வீட்டைக் கேட்டால்? பயமில்லை. தனியார் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் உரிமையாளருக்கு எதிராக ஆண்டவனுக்கு 1871ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கும்.

உறுதியில் ஆண்களின் பெயரைத் தேடுங்கள். நாள் நன்றாகப் போகும். எங்கள் படலைத் தூணில் அம்மப்பாவின் பெயர் சீமெந்தில் பொறித்திருக்கிறது, 'ந'வின் வால் மட்டும் உடைந்துபோய். தூணை நம்பி இரண்டு கிழமை அவர் பெயரில் தேடினேன். ஒரு பேர்ச் நிலம்கூட இல்லை. மனிதர் அறுபது வருடமாக அந்த வீட்டில் மாப்பிள்ளையாகத்தான் இருந்திருக்கிறார்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்ததும் தாய்தகப்பன் அதே வளவுக்குள் இன்னொரு வீடு கட்டி ஒதுங்குவார்கள். பிறகு அதுவும் இளையவளுக்குப் போகும். முக்குவர் வழமை என்று நீதிமன்றங்கள் ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டிருந்த தாய்வழி உரிமை, 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தோடு செல்லாமல் போயிற்று. வெள்ளைக்காரன் சட்டத்தை எடுத்தான், சனங்கள் சீதன உறுதியை எழுதினார்கள். வீடு மகளிடமேதான் போனது.

இதெல்லாம் தெரிந்த பிறகு, கடைசியாக, பெத்தாவிடம் போங்கள். முதலிலேயே போயிருக்கலாம்தான், ஆனால் அதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது?

என் பெத்தா அலுமாரிக்கு மேலிருந்து பிஸ்கட் தகரத்தை இறக்கச் சொன்னா. பழைய சேலைத் துண்டில் சுற்றிய மூன்று உறுதிகள், ஓரமெல்லாம் கறையான். கண்ணாடி போடாமலே சொன்னா: ஒன்று அவவுடையது, ஒன்று அவவின் தாயுடையது, மற்றது தாயின் தாயுடையது. மூன்றும் சீதனம்.

"அப்ப ஒல்லாந்தர் எங்க பெத்தா?"

"அது ஆரு மனே, நம்மட குடியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவ தகரத்தை நீட்டினா.

"பாத்தது காணும், இதுக்குள்ள வை. தங்கச்சிக்கு எழுதவேணும்."