தட்டு அண்ணன்

பத்து காவானில் எந்தத் தாமானுக்குப் போனாலும் ஒரு தட்டு அண்ணன் இருப்பார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர் வேலை. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் “பார்டர்ல இருக்கு” என்றாரே, அந்த ஒரு வாக்கியத்தில் பிறந்தவர் இவர். அதற்கு முன்னால் அவரும் நம்மைப் போலத்தான் இருந்தார். பசித்தால் சாப்பிடுவார், கிடைத்தால் மறுபடியும் சாப்பிடுவார்.

இப்போது அவர் சாப்பிடுவதில்லை, பதிவிடுகிறார்.

காலைப் பசியாறலில் இருந்து தொடங்குவோம். ஆறரைக்கே ஓட்ஸ் தயார். மேலே பப்பாளித் துண்டு, சியா விதை, நான்கு பாதாம். தட்டு வெள்ளை, 2019இல் ஐக்கியா இங்கே கடை திறந்ததிலிருந்து வீட்டில் இருந்த பூப்போட்ட தட்டுகள் எல்லாம் பரணுக்குப் போய்விட்டன. எல்லாம் சரி, வெளிச்சம்தான் இல்லை. 1982இல் தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். அன்றிலிருந்து பினாங்கில் ஏழு மணிக்கும் இருட்டுதான். தட்டு அண்ணனுக்கு அரசாங்கத்தின்மேல் இருக்கும் ஒரே வருத்தம் இது. சூரியன் மெதுவாக எழுந்து ஜன்னல் வழியாகப் பப்பாளியைத் தொடும்வரை நாற்காலி மேல் ஏறி நின்று காத்திருப்பார். படம் எடுத்து, புலனத்தில் ஆலயக் குழு, தாமான் குழு, பழைய மாணவர் குழு மூன்றுக்கும் அனுப்பி முடிப்பதற்குள் எட்டு மணி வேலைக்கு நேரமாகிவிடும். ஓட்ஸ் கல்லாகியிருக்கும். அதை டப்பாவில் போட்டு காரில் வைப்பார். சிக்னலில் மூன்று கரண்டி, கம்பெனி கார் நிறுத்தத்தில் மிச்சம், அதுவும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டே.

அவர் சொல்வதில் பொய் கிடையாது. அதுதான் சங்கடம். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவுக்காரர். பாதிப் பேருக்கு மேல் உடல் எடை அதிகம். இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசாகத் தொடங்கிய வரி 2025இல் 90 காசுக்கு வந்துவிட்டது. இதையெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தியில், சரியாகப் பாயசம் வரும் நேரத்தில், பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ தட்டையும் விரலால் இலையில் கோடு போட்டுக் காட்டுவார்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, பாதித் தட்டுக்குக் காய்கறியும் பழமும். நல்ல கணக்குதான். ஆனால் கோடு போட்ட இலையில் பாயசத்தை எங்கே ஊற்றுவது?

வீட்டில் அவருக்கு ஒரே எதிர்க்கட்சி பாட்டி. தொண்ணூறை நெருங்குகிறார். பத்து காவான் கார்களும் கண்ணாடிக் கட்டடங்களுமாக மாறும் முன்னால், தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை. எத்தனை அடி நடந்தோம் என்று கடிகாரம் சொல்லி அறியாதவர். ஒருநாள் பேரன் அவித்த மரவள்ளிக்கிழங்கை எள் தூவி, புதினா இலை செருகிக் கொண்டுபோய் வைத்தார்.

“பாட்டி, இதுல குளூட்டன் இல்ல. இப்ப இதுதான் எல்லாரும் சாப்பிடுறாங்க.”

“ஜப்பான்காரன் காலத்துல மூணு வருசம் எட்டு மாசம் இதத்தான் தின்னோம். மறுபடியும் வந்துட்டானா?”

பாட்டியின் சாப்பாடு கஞ்சி, வறுத்த நெத்திலி, முருங்கைக்கீரை. நசுங்கிய அலுமினியக் கிண்ணத்தில். அண்ணன் ஏதோ நினைவில் அதை ஒரு படம் எடுத்து முகநூலில் போட, அவருடைய ஓட்ஸ் படங்கள் அத்தனைக்கும் சேர்த்து விழாத விருப்பக்குறிகள் ஒரே இரவில் விழுந்தன. கோலாலம்பூரிலிருந்தெல்லாம் அழுதார்கள். அதன்பின் ஒரு வாரம் பாட்டியோடு அவர் சரியாகப் பேசவில்லை. பாட்டிக்கு அது தெரியவே தெரியாது.

கைப்பேசியைக் குறைக்க வேண்டும் என்பதிலும் அண்ணன் உறுதியானவர். சனிக்கிழமை இரவு அறிவிப்பு வரும்: “நாளை முழுவதும் சமூக ஊடக விரதம். மனஅமைதி முக்கியம்.” ஞாயிறு காலையிலிருந்து, விரதத்துக்கு வாழ்த்துச் சொன்ன ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லிக்கொண்டிருப்பார். மாலையில் பத்து காவான் விளையாட்டரங்கம் பக்கம் நடை. 2000ஆம் ஆண்டு சுக்மா விளையாட்டுக்காகக் கட்டியது. நாற்பதாயிரம் பேர் உட்காரலாம். அண்ணனோ முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டிப் பேசிக்கொண்டே நடப்பார். எதிரே வருகிறவர்கள்தான் விலகிக்கொள்ள வேண்டும்.

மாதத்தில் ஒருநாள் மட்டும் அவரிடமிருந்து ஒரு செய்தியும் வராது.

அன்று அண்ணன் தனியாகக் காரை எடுக்கிறார். 2014இல் திறந்த பினாங்கு இரண்டாம் பாலம், மொத்தம் 24 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடல்மேல். இங்கேயே தெருவுக்கொரு நாசி கண்டார் கடை இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம் என்று கேட்கலாம். தாமான் ஆட்கள் கண்ணில் படக்கூடாது. அந்தக் காலத்தில் கடல் கடந்தால் மானம் போகும் என்பார்கள். இவருக்குக் கடல் கடந்தால்தான் மானம் தங்குகிறது. ஜார்ஜ்டவுனில் ஒரு சந்துக் கடை. கைப்பேசி இடம் காட்டிக் கொடுத்துவிடும் என்று அதைக் காரிலேயே வைத்துப் பூட்டிவிடுவார்.

“என்ன அண்ணே, கொழம்பு?”

“எல்லாத்தையும் கலந்து ஊத்துங்க பாய். பஞ்சிர்.”

பஞ்சிர் என்றால் சோறு மிதக்க வேண்டும். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஓடும் வெள்ளம். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருகிறார். படம் இல்லை, நாற்காலி மேல் ஏறுவது இல்லை. முதல் வாயை மென்று முடிக்கும்வரை இரண்டாவதை எடுப்பதில்லை. பட்டை எங்கே முடிகிறது, சோம்பு எங்கே தொடங்குகிறது என்று நாக்குக்குத் தெரிகிறது. எதிர் மேசைக் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறார். பாதியில் நிறுத்தி யோசித்து, வயிறு போதும் என்றதும் சோற்றில் கொஞ்சம் மீதி வைக்கிறார். சர்க்கரை போடாத தே ஓ ஒன்று குடிக்கிறார். கவனமாகச் சாப்பிடுவது எப்படி என்று அவர் பகிர்ந்த காணொளிகள் எல்லாம் சொன்னது இதைத்தான். ஓட்ஸை அவர் ஒருநாளும் இப்படிச் சாப்பிட்டதில்லை.

ஆனால் கைப்பேசி அவரிடம் மட்டும்தானா இருக்கிறது? குழம்பு ஊற்றும் அழகை டிக்டாக்கில் போடுவது இப்போது கடைப் பையன்களுக்கும் வேலையில் ஒரு பகுதி. கரண்டி சரிகிறது, குழம்பு பாய்கிறது, கேமரா நிமிர்கிறது. இலைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு அண்ணன். பாலம் தாண்டி அவர் பத்து காவானை எட்டும் முன்பே காணொளி தாமான் குழுவை எட்டிவிட்டது.

“அண்ணே, இது நீங்கதானே?” என்று கேட்டது, அவர் அறிவுரைக்குப் பயந்து மூன்று மாதமாக மைலோவை ஒளித்துக் குடிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி. குழுவில் நூற்றுச் சொச்சம் பேர் காத்திருந்தார்கள். அண்ணன் தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது.

“நல்லாப் பாருங்க தம்பி. கால் பங்கு சோறு, கால் பங்கு கோழி. மீதிப் பாதி வெண்டிக்காய். கொழம்புக்கு அடியில இருக்கு.”