முயலாரின் உண்ணாவிரதம்

போன இதழில் போகிற போக்கில் "எங்கள் வீட்டு முயல்" என்று இரண்டு வரி எழுதிவிட்டேன். இந்த வாரம் தபால் பை முழுக்க முயல்! முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே புகார்: கடையில் விற்கிற பெல்லெட் தீவனத்தைத் தொட மாட்டேன் என்கிறது. ஆகவே அரசியல், சினிமா, மாமியார் மூன்றுக்கும் இந்த வாரம் விடுமுறை.

மூன்று நாளாக எங்கள் முயல் பெல்லெட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. அருகம்புல்லும் கொத்தமல்லியும் மட்டும் ஜோராகப் போகிறது. இரண்டு நாள் வேறெதுவும் கொடுக்காமல் பட்டினி போட்டால் வழிக்கு வருமா, அக்கா? (வாசகி, சேலம்)

வழிக்கு வராது, வைத்தியரிடம்தான் வரும். கணவரை ஒரு வேளை பட்டினி போட்டுப் பாருங்கள், பலன் உண்டு. முயலிடம் அது நடக்காது. அதன் குடல் ஓடும் ஆறு மாதிரி. நாருள்ள தீனி மேலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால்தான் கீழே நகரும். தீனி நின்றால் குடல் சோம்பும், வாயு சேரும், வலிக்கும். வலித்தால் இன்னும் தின்னாது. போதாக்குறைக்கு முயலுக்கு வாந்தி எடுக்கவும் வராது. உள்ளே போனதற்கு வெளியேற ஒரே வாசல்தான்.

அதனால் கிண்ணத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை நிறுத்திவிட்டு முயலின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். புழுக்கை பட்டாணி அளவில், உருண்டையாக, உலர்ந்து, வழக்கமான எண்ணிக்கையில் விழுந்திருக்கிறதா? நசுக்கினால் புல் தூளாக உதிர்கிறதா? அப்படியானால் உங்கள் முயல் உண்ணாவிரதம் இருக்கவில்லை. ஒரே ஒரு பண்டத்தைப் பகிஷ்கரிக்கிறது, அவ்வளவே. புழுக்கை மிளகு அளவுக்குச் சிறுத்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ கவலைப்படத் தொடங்கலாம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். பால் கணக்குக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கும்.

பெல்லெட்தான் முழு உணவு, புல்லெல்லாம் சும்மா நொறுக்குத் தீனி என்கிறார் எங்கள் கடைக்காரர். (வாசகர், ஈரோடு)

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தான் விற்கிற முயலுக்கு மூட்டைத் தீவனம்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பெல்லெட் பண்ணையிலிருந்து வந்த சரக்கு. இறைச்சிக்காக வளர்க்கும் முயல் சில மாதத்தில் எடை போட்டாக வேண்டும். பல் எப்படித் தேய்கிறது, பத்தாவது வயதில் குடல் எப்படி இருக்கும் என்ற கவலையெல்லாம் அங்கே யாருக்கும் எழாது. வீட்டு முயலோ எட்டு, பத்து வருடம் உங்களுடன் குப்பை கொட்டப் போகிறது. அதன் தட்டில் 80 சதவீதத்துக்கு மேல் புல்லோ உலர்புல்லோதான் இருக்க வேண்டும். அது போகக் கொஞ்சம் கீரை. பெல்லெட் ஊறுகாய் மாதிரி. வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதும். இரண்டு கிலோ முயலுக்கு 50 கிராம். உள்ளங்கையைக் குவித்தால் அடங்கிவிடும். ஆறு மாதத்துக்குக் கீழான குட்டிகளுக்கு மட்டும் தாராளமாக வைக்கலாம். அவை வளர்கிற பிள்ளைகள்.

ஊறுகாயை ஒதுக்கிவிட்டுச் சோற்றைச் சாப்பிடுகிற பிள்ளையை யாராவது டாக்டரிடம் காட்டுவார்களா?

பெல்லெட்டைத் தின்னாமல் தன் புழுக்கையையே தின்கிறது! பசியா, பைத்தியமா? (பெயர் வேண்டாம், தஞ்சாவூர்)

இரண்டும் இல்லை, சிக்கனம். முயல் இரண்டு வகை போடும். ஒன்று நீங்கள் பெருக்கித் தள்ளும் உலர்ந்த உருண்டை. இன்னொன்று மெத்தென்று, பளபளப்பாக, சின்னத் திராட்சைக் கொத்து போல வரும். குடலில் நுண்ணுயிர்கள் புளிக்க வைத்துத் தயாரித்த பதார்த்தம் அது. புரதமும் பி வைட்டமின்களும் அதில் உண்டு. கீழே விழுமுன்பே குனிந்து வாயில் வாங்கிக்கொள்ளும். தின்றால் ஆரோக்கியம். தின்னாமல் அந்தக் கொத்துகள் கூண்டிலேயே மிதிபட்டுக் கிடந்தால்தான் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் பெல்லெட் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதன் காரணம் புரிகிறது. முயலுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

பழைய பெல்லெட் கடையில் தீர்ந்துவிட்டது. வேறு கம்பெனி வாங்கினேன். தின்ன மறுக்கிறது. (வாசகர், மதுரை)

மதுரைக்காரருக்குத் திடீரென்று வேறு ஊர்ச் சாம்பாரை ஊற்றினால்? பழையது கைவசம் ஒரு பிடி இருந்தால் அதில் புதியதைக் கால் பங்கு கலந்து ஆரம்பியுங்கள். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி முழுதாக மாற்றலாம். பழையது சுத்தமாகத் தீர்ந்துவிட்டதென்றால் புதியதில் நாலைந்து உருண்டையைப் புல்லுக்கு நடுவே போட்டு வையுங்கள். முயலுக்குத் தன் வாய்க்கு நேர் முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. மூக்கும் மீசையும் உதடும்தான் துப்பறியும். பழகிய புல்லின் வாசனையோடு வந்தால் சிபாரிசோடு வந்த மாதிரி. நாருள்ளதாகத்தான் வாங்குங்கள். பையின் பின்னால் நார்ச்சத்து 18 சதவீதமாவது இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் சிரிக்கிற முயல் படத்தைப் பார்க்காதீர்கள், அது மாடல்.

அதே கம்பெனி, அதே கடை, அதே பெல்லெட். போன வாரம் வரை தின்றது. இப்போது மோந்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறது. கொழுப்பா? (வாசகி, நாகர்கோவில்)

நானும் கொழுப்பென்றுதான் நினைத்தேன். ஓர் ஐப்பசியில், விலை மலிவு என்று ஒரு பெரிய மூட்டையாக வாங்கிச் சமையலறை மூலையில் சாய்த்து வைத்தேன். பாதி மூட்டை வரை எங்கள் முயல் மரியாதையாகத் தின்றது. பிறகு ஒருநாள் கிண்ணத்தை மூக்கால் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தது. எங்கள் தாத்தா, உப்பில்லாத ரசத்தைக் கண்டால் பார்க்கிற பார்வை. திட்டினேன். வெல்லம் தூவிக்கூடக் கொடுத்துப் பார்த்தேன் (செய்யாதீர்கள், முட்டாள்தனம்). நாலாம் நாள் மூட்டைக்குள் நானே மூக்கை விட்டேன். பூசணம்! அடி மூட்டை முழுவதும் ஈரம் குடித்துக் கட்டி தட்டிப் போயிருந்தது. பெல்லெட்டில் மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு எல்லாம் இருக்கும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். அது கல்லீரலைத் தின்றுவிடும். முயல் என்னைக் காப்பாற்றவில்லை என்றாலும் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

உங்கள் ஊரில் இரண்டு பருவமழை வேறு. மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நல்ல பெல்லெட் காய்ந்த புல் மாதிரி மணக்கும். சிக்கெடுத்த எண்ணெய் வாடையோ பழைய அரிசி மூட்டை வாடையோ வந்தால் குப்பைக்கு. "மாட்டுக்காவது போடலாமே" என்றும் வேண்டாம், மாடு என்ன பாவம் செய்தது?

சித்திரை பிறந்ததிலிருந்து பெல்லெட் அப்படியே கிடக்கிறது. (வாசகர், வேலூர்)

வேலூர் வெயிலில் உங்களுக்குச் சுடச்சுடப் பொங்கல் இறங்குகிறதா? 30 டிகிரி தாண்டினாலே முயலுக்குத் திண்டாட்டம். வியர்க்காது. காது வழியாகத்தான் சூட்டை விடும். நம் ஊர்களில் விற்கிற முயல்களில் பல, ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற குளிர்நாட்டு வம்சம். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இந்த இனங்களை வளர்க்கிறது. அங்கே போனால் உங்களுக்கே ஸ்வெட்டர் வேண்டும். அந்த வம்சத்தை மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைத்துவிட்டு "தின்ன மாட்டேன் என்கிறது" என்றால் எப்படி?

கூண்டை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் போட்டால் அதில் சாய்ந்துகொள்ளும். பெல்லெட்டை அந்தி சாய்ந்த பிறகும் விடியற்காலையிலும் வையுங்கள், முயலுக்கு அதுதான் சாப்பாட்டு நேரம். முக்கியமாக, தண்ணீர்க் குழாயின் முனையை விரலால் தட்டிப் பாருங்கள். குண்டு அடைத்துக்கொண்டு சொட்டுக்கூட வராமல் இருக்கும். பாட்டில் நிறையத் தண்ணீர் தெரியும், முயலோ தாகத்தில் வாடும். தொண்டை காய்ந்தால் உலர்ந்த பெல்லெட் இறங்காது. ஒரு கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 100 மில்லி குடிக்கும், கோடையில் கூடுதல். குழாயோடு ஒரு மண் கிண்ணத்திலும் தண்ணீர் வைத்துவிடுங்கள்.

ஆசையாக ஓடி வருகிறது. பெல்லெட்டைக் கவ்வுகிறது. உடனே கீழே போட்டுவிடுகிறது. நடிப்பா? (வாசகி, கோவை)

பல்வலி. முயலுக்கு 28 பல், அத்தனையும் ஆயுள் முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் கடைவாய்ப் பல் தேயும். பெல்லெட்டை நொறுக்குவதில் அந்த அரைப்பு இல்லை. தேயாத பல்லின் ஓரம் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். மனசு வா என்கிறது, வாய் போ என்கிறது. மோவாய் ஈரமாக இருக்கிறதா, எச்சில் வடிகிறதா என்று பாருங்கள். முன்பல் அழகாகத் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம், வில்லங்கம் உள்ளே இருக்கும். முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போங்கள். நகவெட்டியை எடுத்து நீங்களே பல் வெட்டக் கிளம்பிவிடாதீர்கள். பல் நெடுக்காகப் பிளந்துவிடும்.

நேற்று மாலையிலிருந்து பெல்லெட், புல், கீரை எதையும் தொடவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது. புழுக்கையும் இல்லை. வீட்டில் எங்கள் நாய்க்குக் கொடுத்த மருந்து மிச்சம் இருக்கிறது. (வாசகர், திருச்சி)

உங்கள் கடிதம் என் கைக்கு வருவதற்குள் என்ன ஆயிற்றோ என்று பதறிப் போனேன். இதற்குத் தபால் கூடாது, ஆட்டோ வேண்டும். 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசரம். பல்லை நறநறவென்று கடித்தால், காது சில்லிட்டால், வயிறு மேளம் மாதிரி இறுகியிருந்தால் இன்னும் அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மிச்ச மருந்தைத் தொடாதீர்கள். வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் நமக்கும் நாய்க்கும் சாதாரணம். முயலுக்கோ அது குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து ஆளையே முடித்துவிடும். நாய்க்கு உண்ணி போகத் தடவும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு ஆபத்து. ஊசிக்குழாயில் கஞ்சி ஏற்றலாமா என்றால், குடலில் அடைப்பு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, அவர் சொல்கிறதை ஏற்றலாம்.

கலர் கலராகத் தானியம், பட்டாணி, பெல்லெட் கலந்த பாக்கெட் வாங்குகிறேன். பெல்லெட்டை மட்டும் விட்டுவிடுகிறது. (மாணவி, சென்னை)

மிக்ஸரில் நீ முந்திரியைப் பொறுக்குவதில்லையா, கண்ணு? அந்தப் பாக்கெட்டையே நிறுத்திவிடு. பொறுக்குகிற வேலையும் நிற்கும்.

முயல் என்றால் கேரட் இல்லையா? பெல்லெட்டுக்குப் பதில் அதையே கொடுத்தால்? (வாசகர், புதுச்சேரி)

1934-இல் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படத்தில் கிளார்க் கேபிள் கேரட்டைக் கடித்துக்கொண்டே பேசுவார். 1940-இல் வந்த பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயல் அந்தப் பாணியைச் சுட்டது. அன்று முதல் உலகத்து முயல்கள் எல்லாம் கேரட் தின்றாக வேண்டும் என்று நாம் தீர்ப்பெழுதிவிட்டோம். கேரட்டில் சர்க்கரை அதிகம். வாரத்தில் இரண்டொரு நாள், விரல் நுனி அளவு கொடுக்கலாம். அதன் தழை இன்னும் நல்லது. காய்கறிக்காரர் கிள்ளி வீசுவார், கேட்டால் சும்மாவே தருவார்.

டிமோத்தி ஹே என்ற உலர்புல் வாங்கினால் எங்கள் மளிகை பட்ஜெட்டே காலி. வைக்கோல் போடலாமா? (குடும்பத் தலைவி, கும்பகோணம்)

வைக்கோல் படுக்கைக்குச் சரி. பசிக்குச் சத்து போதாது. பிள்ளையார் கோயில் வாசலில் அருகம்புல் கட்டு விற்கிறார்களே, அது முயலுக்கு அமிர்தம். அலசி, உதறிக் கொடுங்கள். மிச்சத்தை நிழலில் உலர்த்தினால் உங்கள் வீட்டு ஹே தயார். கொழுக்கட்டைப் புல் கிடைத்தாலும் அப்படியே செய்யலாம். இயந்திரத்தால் வெட்டிய பூங்காப் புல் வேண்டாம், குவியலுக்குள் சூடேறி ஊசிப்போயிருக்கும். முருங்கை, அகத்தி, குதிரை மசால் மூன்றிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளரும் குட்டிக்கு நல்லது, பெரிய முயலுக்கு அளவோடு. மிஞ்சினால் சிறுநீர் சுண்ணாம்புத் தண்ணீராகப் போகும்.

பெல்லெட்டை விட்டுவிட்டு எங்கள் பாட்டி கொடுக்கும் முறுக்கைத் தின்கிறது. (சிறுவன், காரைக்குடி)

முறுக்கு முயலுக்கு ஆகாது. பாட்டியிடம், "முயலுக்குக் கொடுத்தால் எனக்குக் குறைகிறதே" என்று அழு. உடனே நிறுத்திவிடுவார்.

தோட்டத்தில் கிடைத்த காட்டு முயல் குட்டி, பெல்லெட்டைச் சீண்டவில்லை. (வாசகர், தருமபுரி)

அது சீண்டவும் வேண்டாம், நீங்கள் வைத்திருக்கவும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிற பிராணி அது. வீட்டு முயலுக்குச் சித்தப்பா பையன்கூட இல்லை, வேறு இனம். வீட்டு முயல் முடியில்லாமல் கண் மூடிப் பிறக்கும். இது முடியோடு, கண் திறந்தே பிறக்கும். தாய் குட்டியைத் தனியே பதுக்கிவிட்டு இரை தேடப் போயிருக்கும், அனாதை என்று நினைத்துத் தூக்கி வந்திருப்பீர்கள். வனத்துறைக்கு ஒரு போன் போடுங்கள்.

கிண்ணத்தில் பெல்லெட் போட்டதும் கிண்ணத்தோடு தூக்கிக் கவிழ்க்கிறது. பிறகு தரையிலிருந்து பொறுக்கித் தின்கிறது. என்ன செய்ய? (வாசகி, திருநெல்வேலி)

தின்கிறது அல்லவா, அப்புறம் என்ன குறை? பெல்லெட்டைப் புல்லுக்குள் தூவிவிடுங்கள், தேடித் தின்பது அதற்கும் பொழுதுபோக்கு. கிண்ணம்தான் வேண்டுமென்றால் பரணில் கிடக்கும் சின்னக் கல்லுரலை இறக்குங்கள். அதையும் கவிழ்த்துவிட்டால் எனக்கு எழுத வேண்டாம், பளு தூக்கும் சங்கத்துக்கு எழுதுங்கள்.