உருவத் தெரிஞ்சவன் பின்னட்டும், மருமவனே

மருமவனே, பிள்ளைக்கு உன் கையால ஸ்வெட்டர் பின்னப் போறியாமே? நல்ல காரியந்தான். அப்பன் கையால பின்னின சட்டை எத்தனை பிள்ளைக்குக் கிடைக்கும்? ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இது மட்டாஞ்சேரின்னு ஞாபகம் இருக்கா? சித்திரை மாசம் நின்ன இடத்துல வேர்த்து ஊத்துற ஊரு. இங்க நாலு வயசுப் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டையா? அவன் என்ன தப்பு செஞ்சான்?

மூணாறுக்குப் போகும்போது போடலாம்னு சொல்லுவே. மூணாறு இங்கேர்ந்து 130 கிலோமீட்டர். நீ பின்னி முடிச்சு, லீவு கிடைச்சு, வண்டி பிடிச்சுப் போறதுக்குள்ள பையன் ரெண்டு அங்குலம் வளந்திருப்பான். டிசைன் புத்தகத்தைத் திறக்குறதுக்கு முந்தி சன்னலைத் திறந்து பாரு. பருத்தி நூல் வாங்கு.

வெளுக்குற கிழவனுக்குப் பின்னலைப் பத்தி என்ன தெரியும்னு நினைக்காதே. பின்னினவனுக்குப் பின்னும்போது தெரியுறது பாதி, எங்க கல்லுல விழும்போது தெரியுறது மீதி. பட்டாளத்து உடுப்பு வெளுக்க டச்சுக்காரன் எங்க ஆளுங்களைத் தமிழ்ச் சீமையிலேர்ந்து கூட்டியாந்தான்னு பெரியவங்க சொல்லுவாங்க. 1663-ல வந்த டச்சுக்காரன் 1795-ல மூட்டை கட்டிட்டான். அழுக்கு எங்க போச்சு? அது இருந்துச்சு, நாங்களும் இருந்துட்டோம். இன்னைக்கும் போர்ட் கொச்சி வேளியில டோபி கானா ஓடுது. அந்தக் கல்லுக்குத் தாட்சண்யம் கிடையாது. போட்டோவுல சிரிச்ச சட்டையெல்லாம் ஒரே வெளுப்புல குட்டு உடைஞ்சு வரும்.

கம்பளி மயிருல கண்ணுக்குத் தெரியாத செதில் உண்டு. வெந்நீர்ல போட்டுக் கசக்கினியோ, செதிலோட செதில் மாட்டி இறுகிப் போகும். அப்பனுக்குப் பின்னினது பிள்ளைக்கு ஆகும். பிள்ளைக்குப் பின்னினது பொம்மைக்கு ஆகும். பருத்தி அந்த வேலை செய்யாது. அதுக்கு வேற குணம். நனைஞ்சா கனத்துத் தொங்கும். எங்க கொடிக்கயித்தைப் பாத்திருக்கியா? கயித்தை முறுக்கிக் கட்டி, புரி இடுக்குல துணி முனையைச் செருகிடுவோம், கிளிப்பே வேண்டாம். வேட்டிக்கும் சட்டைக்கும் அது சரி. பின்னல் சட்டையை அதுல தொங்கவிட்டா சாயங்காலம் அது கவுனு. பாயை விரிச்சு அதுமேல பரத்திக் காயப்போடு.

இப்ப பின்னுறதுக்கு முந்தி எத்தனை சாமான்! மூங்கில் ஊசி வேணுமாம். நூலுருண்டை உருளாம இருக்கப் பீங்கான் கிண்ணம் வேணுமாம். எங்க ஆச்சி சிரட்டையில போட்டு வச்சா, அதுலேர்ந்து எந்த உருண்டையும் ஊரைவிட்டு ஓடிப்போகலை. பின்னினா மனசு அமைதியாகும்னு ஞாயித்துக்கிழமை வகுப்பு வேற. கண்ணி ஒண்ணு நழுவட்டும், அப்பத் தெரியும் அமைதி!

இத்தனையும் வாங்கின மவராசன், அளவு பாக்க ஒரு மாதிரித் துண்டு மட்டும் பின்ன மாட்டான். அது வெட்டி வேலையாம். கணக்கைக் கேளு. பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணின்னு புத்தகத்துல போட்டிருக்கு. 60 சென்டிமீட்டர் சுத்தளவுக்கு நீ 132 கண்ணி ஏத்திட்டேன்னு வச்சுக்க. உன் கை தளர்ந்த கைன்னா, 20 கண்ணியிலேயே பத்து சென்டிமீட்டர் ஆயிடுது. ரெண்டே கண்ணிதானேன்னு இருந்தியா? சட்டை 66 சென்டிமீட்டர் வந்து நிக்கும். ஒரு சாண் துண்டு பின்னி, அதை நனைச்சுக் காயவச்சு எண்ணிப் பாத்திருந்தா ஒரு ராத்திரி வேலை. பாக்காததுனால ஒரு மாசம் போச்சு.

அதுக்கப்புறம் வரும் பாரு புதுப் பேச்சு! தப்புக்கு வெக்கப்படக் கூடாதாம், கொண்டாடணுமாம். கோணலாப் பின்னிப்புட்டு, "தப்புலேர்ந்து கத்துக்கிட்டேன்"னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறான். சட்டை இன்னும் கோணலாத்தானடா இருக்கு? என்னத்தைக் கத்துக்கிட்டே? பேசக் கத்துக்கிட்டே.

தையக்காரன் பாவம். கத்தரி போட்டா போட்டதுதான், குறைச்சு வெட்டின துணி வளராது. பின்னுறவனுக்கு மட்டும் ஒரு வரம் இருக்கு. முனையைப் பிடிச்சு இழுத்தா தப்பு மொத்தமும் நூலாத் திரும்பி வந்துடும். சுருண்டுதான் வரும். சிட்டமாச் சுத்தி, நனைச்சு, காயப்போடு, நேராயிடும். காசு நட்டமில்லை. போறது கௌரவம் ஒண்ணுதான். அதை உருவத்தான் ஒருத்தனுக்கும் கை வரமாட்டேங்குது.

யூதத் தெருவுல சாரா கோஹன் அம்மா கடை தெரியுமில்லியா? 2019-ல, 96 வயசுல போய்ச் சேந்தாங்க. யூதங்க போடுற கிப்பா தொப்பியும் பூவேலைத் துணியும் அவங்க கடைச் சரக்கு. தொப்பின்னா தலையில உக்காரணும். உக்காரலைன்னா, "இதுல ஒரு பாடம் இருக்கு"ன்னு சொல்லிக் காசு வாங்க முடியுமா?

இன்னொண்ணு. கையால பின்னினது உசத்தி, மிஷின் சரக்கு மட்டம்னு மூக்கைச் சுளிக்கிறியே, உன் சட்டைக்குள்ள இருக்குறது என்ன? திருப்பூர் பனியன். அதுவும் கண்ணி கண்ணியாப் பின்னினதுதான். அது உன்னைவிட ஒழுங்காப் பின்னுது. அதோட போட்டிக்குப் போகாதே. மிஷினுக்கு உன் பிள்ளையைத் தெரியாது, உனக்குத் தெரியும். உன் கைக்கு மதிப்பு அங்கதான்.

ஆகவே பிள்ளையை அளந்து பின்னு. கழுத்துலேர்ந்து கீழே இறங்கிப் பின்னு. பிள்ளைங்க பருமனைவிட உயரத்துலதான் வேகமா வளருவாங்க. அடுத்த வருஷம் அடி விளிம்பைப் பிரிச்சு நாலு விரக்கடை சேத்துக்கலாம். உள்பக்கம் நூலைத் தொங்கவிடாதே, பிஞ்சு விரல் மாட்டும். கழுத்துப் பட்டியைக் கடைசியாப் பின்னி முடிக்கும்போது பெரிய ஊசியா எடுத்துத் தளர்வா முடி.

தளர்வா முடிக்க மாட்டே, எனக்குத் தெரியும். போட்டுப் பாக்கும்போது தலை நுழையாது. பையன் கத்துவான். உடனே, தலை பெருசா இருக்கேன்னு அவனைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடாதே. ரெண்டு வயசுலேயே பிள்ளைத் தலை 48 சென்டிமீட்டர் சுத்தளவு இருக்கும், அது ஆண்டவன் போட்ட அளவு. நீ போட்ட கழுத்தை உருவு.