நானூறு சென்ட் ஆஸ்தி

சித்தூரில் ஒருவர் தமக்கு நானூறு சென்ட் இருப்பதாகச் சொன்னால், நூறு சென்ட் ஓர் ஏக்கர் என்ற கணக்கில் நாலு ஏக்கர் மாந்தோப்பை மனக்கண்ணில் கண்டு, நாற்காலியைத் துடைத்துப் போடுவதுதான் உலக வழக்கம். நம் நண்பரின் மகனுக்குப் பெண் பேச வந்த தரகரும் அப்படித்தான் ஏமாந்தார். "செம்மண் பூமிதானே?" என்று அவர் பவ்யமாக விசாரிக்க, "செம்பு, சுவாமி, 1943-ஆம் வருஷத்தது மட்டும் எஃகு" என்று நண்பர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே நானூறு ஆபிரகாம் லிங்கன்கள், தரகரைப் பார்க்க மனமில்லாதவர்களைப் போல, ஒரே பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்கள்.

அமெரிக்கச் செப்புக்காசு சேகரிக்கும் இவ்வினத்தார் டாலருக்கு மயங்குகிறவர்கள் அல்லர். குழந்தைக்கு முடியிறக்க அக்கரையிலிருந்து வரும் உறவினர் சாக்லெட்டும் வாசனைத் தைலமும் நீட்டுகையில், அவற்றை மரியாதைக்காக வாங்கி வைத்துவிட்டு, அவர்கள் கால்சட்டைப் பையின் அடியில் தூசியோடு தூசியாகக் கிடக்கும் சில்லறையில், 1909 முதல் 1958 வரை இரண்டு கோதுமைக் கதிர்களைப் பின்புறம் தாங்கி வெளிவந்த காசு ஒன்றாவது அகப்படாதா என்று ஏங்குவதே இவர்கள் சுபாவம். வடக்கே ரேணிகுண்டாவையும் தெற்கே காட்பாடியையும் தாண்டியறியாத நம் நண்பர், வருஷத்துக்குக் கீழே 'எஸ்' என்றிருந்தால் ஸான்பிரான்ஸிஸ்கோ, 'டி' என்றிருந்தால் டென்வர், ஒன்றும் இல்லாவிட்டால் பெரும்பாலும் பிலடெல்பியா என்று பிறந்த ஊர் சொல்லும் சாமர்த்தியத்தின்முன், பச்சைக் குழந்தையின் மூக்கைப் பார்த்தே தாய்வழியா தந்தைவழியா என்று தீர்ப்புக் கூறும் பாட்டிமார்களும் தோற்றுப்போவார்கள்.

அவருடைய பரம பிரீதிக்குப் பாத்திரமானது 1943. யுத்தத்திற்குச் செம்பு வேண்டியிருந்தமையால் அமெரிக்கா எஃகின்மேல் துத்தநாகம் பூசி வெள்ளை சென்ட் அடித்தது; அங்குள்ளவர்களே அதைப் பத்து சென்ட் மதிப்புள்ள 'டைம்' என்று மயங்கினார்களாம். அதே ஆண்டில்தான் நம் சர்க்காரும் ஓட்டைக் காலணாவை வெளியிட்டது. இரண்டையும் அருகருகே வைத்து, "அவன் சட்டையை மாற்றினான்; நாம் வயிற்றில் ஓட்டை போட்டுக்கொண்டோம்" என்பார். எஃகைச் சோதிப்பதற்காக அரைஞாணில் அவர் கட்டியிருக்கும் காந்தத்துண்டில் வீட்டுச் சாவி ஒட்டிக்கொள்வதும், மாமி அரைமணி நேரம் வாசலில் நிற்பதும் தனிக்கதை.

இத்தகையவருக்கு ஒரே போட்டியாளர் திருமலையில் எழுந்தருளியிருக்கிறார். எந்தத் தேசத்துக் காசும் அவருடைய உண்டியலில் விழுந்து, காணிக்கை எண்ணும் பரக்காமணிக்குப் போய்விடுகிறதே என்பது, பக்தரான நண்பர் வாய்விட்டுச் சொல்ல முடியாத மனஸ்தாபம். சென்ற மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த தங்கை பேரனுக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசித் தரிசனத்திற்கு அழைத்துச் சென்றபோது நானும் உடனிருந்தேன். 'ஜரகண்டி, ஜரகண்டி' என்ற முழக்கத்திடையே வெள்ளைத் துணி சுற்றிய உண்டியலை அடைந்ததும், பையன் கைநிறையச் சில்லறையை உயர்த்தினான். நண்பர் பாய்ந்து மணிக்கட்டைப் பற்றி, "இரு கண்ணா, வருஷத்தைப் பார்த்துக்கொண்டு போடலாம்" என்றார். பின்னாலிருந்து தள்ளிய தள்ளில் கை விரிந்தது.

மலையிறங்கும்வரை அவர் பேசவில்லை. கீழே கோவிந்தராஜர் சந்நிதியில் தீர்த்தம் வாங்கக் கையேந்தியவர், அதை அருந்த மறந்து என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளையாய் ஒன்று விழுந்ததே, ஓய், அது டைமா, நாற்பத்து மூன்றா?"