சிதம்பர ரகசியம்

பிளாக்ஜாக்கில் சீட்டை எண்ணி ஜெயிக்கும் வித்தையைக் கற்றுவருகிறேன். தினமும் கடலூர் - சிதம்பரம் ரயிலில்தான் பயிற்சி. தேறுவேனா?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டுகிறீர்கள். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் வந்தால் ஒன்று கழிக்கிறீர்கள். 7, 8, 9-ஐக் கண்டுகொள்வதில்லை. 52 சீட்டும் தீர்ந்ததும் கையில் நிற்பது பூஜ்யம். திரையை விலக்கினால் வெட்டவெளி! சரியான ஊருக்குத்தான் போய்வருகிறீர்கள்.

சீட்டு எண்ணுவதை 1962-இல் புத்தகமாகப் போட்டவர் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப். இன்று கேசினோக்களில் ஆறு, எட்டு கட்டுகளைச் சேர்த்துக் கலக்குகிறார்கள். எண்ணுகிறவர் என்று தெரிந்தால் அவர் சீட்டையே கிழித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் கேசினோவே கிடையாது. கோவாவுக்கு ரயில் கட்டணம் எவ்வளவு, அதை முதலில் எண்ணுங்கள்.