விற்கலாமா உங்கள் தளத்தை?

அத்தனாவூர் வாசகர்: ஏலகிரி காட்டேஜ் பதிவுக்கு ஒரு தளத்தைத் தனி ஆளாக நடத்துகிறேன். பெங்களூரு கம்பெனி ஒன்று விலை கேட்கிறது. இவ்வளவு சின்னதையும் வாங்குவார்களா?

பதில்: தாராளமாக. மும்பையில் ராஜேஷ் ஜெயின் 1995 மார்ச்சில் ‘இந்தியாவேர்ல்ட்’ தொடங்கினார். வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இண்டர்நெட் கொடுத்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல்தான். தெரு போடும் முன்பே கடை போட்டவர்! செய்திக்கு ‘சமாச்சார்’, சமையலுக்கு ‘பாவர்ச்சி’, தேடலுக்கு ‘கோஜ்’ என்று வளர்ந்தது. 1999 நவம்பரில் சென்னையின் சத்யம் இன்ஃபோவே அதற்கு 499 கோடி ரூபாய் விலை பேசியது. வெளிநாட்டு இந்தியர்கள் தினமும் அங்கே வந்து பழகியிருந்தார்கள். விலை அந்தப் பழக்கத்துக்கு. உங்கள் தளத்துக்கும் போன வருஷம் வந்தவர் இந்த வருஷமும் வருகிறாரா? அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நிலாவூர் வாசகர்: பாதி ரொக்கம், பாதி கம்பெனிப் பங்கு என்கிறார்கள். சரிதானா?

பதில்: அந்த 499 கோடியும் ஒரே நாளில் கைமாறவில்லை. முதலில் 24.5 சதவீதம், 122 கோடிக்கு. மீதியைப் பிறகு 377 கோடிக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. அடுத்த மார்ச்சிலேயே உலகம் முழுக்க டாட்காம் பங்குகள் சரியத் தொடங்கின. பங்கு நாளையே காகிதமானாலும் “ரொக்கம் போதும்” என்று சொல்ல முடிகிற தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

ஆம்பூர் வாசகர்: விற்ற பிறகு இதே தொழிலை இந்தியாவில் எங்குமே செய்யக்கூடாது என்று எழுதிக் கேட்கிறார்கள்.

பதில்: தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு. தொழிலை அதன் நற்பெயரோடு (குட்வில்) விற்றவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் இடத்தைக் குறிப்பிட்டு, அந்த எல்லை நியாயமானதாக இருந்தால்தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே போட்டி வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். கன்னியாகுமரிவரை கேட்டால் வக்கீலைப் பாருங்கள்.

வாணியம்பாடி வாசகர்: தோல் தொழில் செய்தித் தளம் நடத்துகிறேன். ‘ஸ்டிச்சிங் ஆள் தேவை’ பக்கத்தில் மட்டும்தான் கூட்டம். சோர்வாக இருக்கிறது.

பதில்: சோர்வா? கொண்டாடுங்கள்! முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே தமிழர்களுக்கென ஒரு தளம் நடத்தினார். வரன் தேடும் பகுதியில்தான் கூட்டம். அதைத் தனியாகப் பிரித்தார். பாரத் மேட்ரிமோனி ஆனது. 2017-ல் பங்குச் சந்தைக்கே வந்தது. செய்தியைக் குறைத்து, ஷூ கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுங்கள். வேலை தேடும் பெண்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

ஜோலார்பேட்டை வாசகர்: டொமைன் நண்பர் பெயரில் இருக்கிறது. பரவாயில்லையா?

பதில்: விலை பேசும் முன் மாற்றுங்கள். விலை தெரிந்தபின் நட்புக்குச் சோதனை.

அத்தனாவூர் வாசகர் மீண்டும்: வாடிக்கையாளர் போன் நம்பர்களையும் கேட்கிறார்கள். காட்டேஜ்காரர்கள் கதி என்ன?

பதில்: ரூமுக்காகக் கொடுத்த நம்பர் அது. 2023-ன் தனிநபர் தரவுச் சட்டம் சம்மதத்தை அடிப்படையாக வைக்கிறது. அவர்களைக் கேட்காமல் பட்டியலைக் கொடுக்காதீர்கள். இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். இரண்டு ரூம் வைத்துப் பிழைக்கும் மலைக்காரர்கள் உங்களை நம்பி வந்தவர்கள். முதல் இரண்டு வருஷம் கமிஷனை ஏற்றக்கூடாது, அவர்களின் பாக்கியை விற்பனைப் பணத்திலிருந்து முதலில் கொடுக்க வேண்டும். இரண்டையும் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்.